கால்காரம்மா

எங்கள் ஊரில் எல்லோரும் அவரைக் கால்காரம்மா என்றுதான் சொல்வோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்னமும் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். நான் எழுதப்போவதில் பாதி, அவர் மற்றவர்களோடு மல்லுக்கு நின்ற கதை. பெயரைப் போட்டு, அது யாராவது மேலதிகாரி கண்ணில் பட்டு, அவருக்கு ஒரு சங்கடம் வந்தால் என்னால் தாங்க முடியாது.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலில் கொத்துக் கத்தரிக்கிற வேலைக்கு முப்பது வருசம் போனேன். பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்தபடியே வேலை செய்யலாம், யாருக்கும் முகம் கொடுத்துப் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சர்க்கரை வியாதி வந்தபோதுகூட ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பார்கள். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பொம்பளைகள் நாங்கள் அதைப் பரீட்சை மாதிரி வைத்திருந்தோம். சனிக்கிழமையே சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவோம். ஞாயிறும் திங்களும் பாகற்காய்ச் சாறு. திங்கள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் ஓட்டமும் நடையுமாகப் போய் வருவோம். செவ்வாய்க்கிழமை எண் குறைவாக வந்தால் டாக்டர் சிரித்து "வெரிகுட்" என்பார். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழம்பு ஊற்றித் தட்டு நிறையச் சாப்பிடுவோம். டாக்டரை ஏமாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் எண்ணம் இல்லை. எல்லோருக்கும் முன்னால் திட்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் கால்காரம்மா வந்தார். பிசியோதெரபி பார்க்கிறவர். வாரத்தில் ஒரு நாள் சுகாதார நிலையம், மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. சொந்த ஊர் கெங்குவார்பட்டி. அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். நாற்பது வயசு இருக்கும். ஆள் குட்டை. சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. நம்மைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, "காலைக் குடுங்க" என்பார். படித்த பொம்பளை மடியில் காலைத் தூக்கி வைப்பதா என்று நான் கூசிப்போய் நின்றேன். அவரே என் காலை எடுத்து வைத்துக்கொண்டார்.

குச்சி ஒன்றில் ஒட்டிய நைலான் நூல் அவரிடம் இருக்கும். அதைக்கொண்டு பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்.

"கண்ண மூடிக்கங்க பெரியம்மா. நான் தொடும்போதெல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. "தெரியுது" என்றேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் "தெரியுது" என்றேன். மூன்றாவது தடவை சொன்னதும் கண்ணைத் திறக்கச் சொன்னார். நூல்குச்சி அவர் பைக்குள்ளேயே இருந்தது.

"நான் இன்னும் வெளிய எடுக்கவே இல்லையே பெரியம்மா," என்றார்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் அவர்கள் பக்கம் திரும்பி, "சிரிக்கிற எல்லாரும் அடுத்து இங்கனதான் உக்காரப் போறீக," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் உங்ககிட்ட கேக்கல. உங்க காலுகிட்ட கேக்குறேன். நீங்க நடுவுல வந்து பேசாதீக."

அவர் குணம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. வாய் சொல்வதை அவர் நம்பவே மாட்டார். நோயாளி சொன்னாலும் சரி, டாக்டர் சொன்னாலும் சரி, சொந்தக்காரர்கள் சத்தியம் செய்தாலும் சரி, "அப்படியா, காட்டுங்க" என்பார். பார்த்த பிறகு தன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்வார். யாருக்காகவும் அதை மாற்றிச் சொன்னதில்லை.

எங்கள் பாகற்காய்ப் பரீட்சை ஒரு மாதத்தில் அவரிடம் பிடிபட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நாங்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, மாத்திரை கொண்டுவரும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பந்தலுக்கே வந்துவிட்டார். அங்கேயே எல்லோர் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். வந்த எண்களைக் கேட்டால் தலை சுற்றும். காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று எங்களுக்குக் கோபம். அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் எங்களைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். கால்காரம்மா தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சார், இவுக உங்களுக்குப் பயந்துதான் பட்டினி கெடக்குறாக. நீங்க வையிறத நிறுத்துனா, இவுக நெசத்தைச் சொல்லுவாக."

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் எங்களைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

என் பாதத்தில் முக்கால்வாசி உணர்ச்சி இல்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார். மெத்தென்ற ரப்பர் வைத்த சர்க்கரைச் செருப்பு ஒரு சோடி வரவழைத்தார். வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார். அடுப்படியிலுமா என்று கேட்டேன். அடுப்படியில்தான் முக்கியம், கீழே கங்கு விழுந்தால் உங்களுக்குத் தெரியாது என்றார். அன்றைக்கு என் நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

"எங்கண்ணன் போனதும் போனாரு, அடுப்படியில செருப்புக் காலு நடக்குது," என்றாள்.

"அத்தை, அடுப்புல இருக்க சட்டிய வெறுங்கையிலயா எறக்குறீக?" என்று கேட்டார் கால்காரம்மா.

"துணியப் பிடிச்சுத்தான்."

"சட்டிக்கு அது மரியாதைக் கொறைச்சலா? இது காலுக்குப் பிடிக்கிற துணி."

"ஆளு இத்தனூண்டு. வாயி கெங்குவார்பட்டி வரைக்கும் நீளுது," என்று முனகிக்கொண்டே நாத்தனார் வெளியே போனாள். இன்றுவரை அவள் வீட்டுக்குள் செருப்புப் போட்டதில்லை. அவள் கால் நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் அவர் ஜெயித்தார் என்று எழுத மாட்டேன். எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்தவருக்கு ஒரு பக்கம் வாதம் வந்து படுத்துவிட்டார். கால்காரம்மா போய் அவரைத் தூக்கி நிறுத்தினார். மூன்றாம் நாளே தனியாக நில்லுங்கள் என்று கையை விட, அவர் விழுந்து நெற்றியில் அடி. அவர் மகள் தெருவே கேட்கும்படி திட்டினாள். கால்காரம்மா வாசலில் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். "என் தப்புதான்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார். கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார். நாலாம் நாள் அந்த மகளே கதவைத் திறந்தாள். டீக்கடைக்காரருக்கு இடது கை இன்னும் வரவில்லை. கடை போனது போனதுதான். ஆனால் யார் கையையும் பிடிக்காமல் தானாக எழுந்து கக்கூசுக்குப் போய் வருகிறார். அது எவ்வளவு பெரிய விசயம் என்று படுத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி என் காலுக்கு வருகிறேன்.

என் மருமகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தால் சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இருவரும் நல்லபடியாக வந்தார்கள். தீச்சட்டி என்றால் வெறுங்காலில்தான் நடக்க வேண்டும். கால்காரம்மாவிடம் சொல்லவே பயந்தேன். ஆனால் அவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறும் முன்னே நடந்து முடித்துவிட வேண்டும் என்றார். பழைய கம்பளியை நாலு மடிப்பாக மடித்து, பாதத்தின் அளவுக்கு வெட்டி, மேலே காடாத் துணி வைத்துத் தன் கையாலேயே இரண்டு காலுறை தைத்துக் கொண்டுவந்தார். "தோலும் இல்ல, செருப்பும் இல்ல, வெறும் துணி. ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டா. யாராச்சும் கேட்டா என்னையச் சொல்லுங்க," என்றார்.

போட்டுக்கொண்டுதான் போனேன். ஆற்றுப் பாலம் வரைக்கும் போட்டிருந்தேன். அங்கே கூட்டம் அதிகமானது. எல்லோரும் என் காலையே பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு சின்னப்பெண் தன் அம்மாவிடம் காட்டி என்னவோ கேட்டாள். அந்த அம்மா சிரித்தாள். நான் ஓரமாக ஒதுங்கி, காலுறை இரண்டையும் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். கூட்டம் நகரவே இல்லை. மத்தியான வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றும் நடந்தும் போனேன். கால் சுடவே இல்லை. அம்மன் கிருபை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வீட்டுத் தரையில் ஈரமாகச் சுவடு சுவடாக இருந்தது. வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. நேரே சுகாதார நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். போனால் கால்காரம்மா பார்ப்பார். பார்த்தால் காலுறையைக் கழற்றியது தெரிந்துவிடும். மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அந்தச் செவ்வாயும் போகவில்லை, அடுத்த செவ்வாயும் போகவில்லை. அவர் வீட்டுக்கு வந்தபோது நாத்தனாரை விட்டு, மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். உள்ளே சுவரோரம் உட்கார்ந்துகொண்டு அவர் திரும்பிப் போகும் சத்தத்தைக் கேட்டேன்.

புண்ணிலிருந்து வாடை வீச ஆரம்பித்த பிறகுதான் மகனுக்குத் தெரிந்தது. அவன் அல்லிநகரத்தில் குடியிருக்கிறான். வந்து அள்ளிக்கொண்டு போய்த் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாகச் சொந்தமெல்லாம் வந்தது. நாலு வருசமாக எட்டிப் பார்க்காத தம்பி மகன்கூட வந்தான். டாக்டர் வந்து, விசம் மேலே ஏறுகிறது, முன்பாதத்தை எடுத்துவிட வேண்டும், நாளைக்குக் காலையில் ஆபரேசன் என்றார். சம்மதக் கையெழுத்து யார் போடுவது என்று கேட்டார். மகன் போடட்டும் என்றார்கள். கால் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது மருமகளிடம், கால்காரம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தா என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கே எனக்கு அரை நாள் ஆனது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு இல்லை. காலுறையைப் பற்றிக் கேட்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்கவில்லை. நர்ஸ் வந்து கட்டுப் பிரிக்கும் வரை காத்திருந்து, புண்ணை நன்றாகப் பார்த்தார். பிறகு பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். அந்த நேரம் டாக்டர் வந்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

"இவுக ஊரு பிசியோ சார்."

"பிசியோவுக்கு இங்க என்னம்மா வேலை?"

"நாலு வருசமா இந்தக் காலைத்தான் சார் பாத்துக்கிட்டு இருக்கேன். பாதத்துல நாடி நல்லாத் துடிக்குது. எலும்புக்குப் படம் எடுத்திருந்தா காட்டுங்க. எலும்பு கெட்டிருந்தா உங்களைக் கும்பிட்டுட்டு நான் போயிர்றேன்."

படம் இன்னும் எடுக்கவில்லை. டாக்டர் கெட்டவர் இல்லை. முற்றிப்போய் வந்த கால்களையே பார்த்துப் பார்த்துப் பழகியவர். தாமதித்தால் முழங்கால் வரை போகும், உயிருக்கே ஆபத்து, அப்புறம் யார் பொறுப்பு என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். என் மகன் பயந்துபோய்க் கால்காரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க போயிருங்க. எங்காத்தாவுக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து நிப்பீக?"

"நிப்பேன்," என்றார். "ஆனா வெட்டு, வெட்டாதன்னு நான் சொல்லப்போறதில்ல தம்பி. நான் சொன்னா அது என் சண்டையாப் போகும். நீயும் சொல்லாத." என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, இன்னைக்கு உங்ககிட்டத்தான் கேக்குறேன். சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகன், மருமகள், டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்கள். நான் போர்வைக்குள் என்னவோ சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகன், "ஆத்தா, நீ சும்மா இரு," என்றான். அறுபது வருசமாக நான் சும்மாதான் இருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் என்னவோ எனக்குள் அறுந்தது.

"ஏலே, கால் என்னுது. படம் எடுக்கட்டும். கெட்டுப்போன எலும்ப எடுத்துக்கிறட்டும். கெடாததை வெட்ட நான் குடுக்க மாட்டேன். என்னையப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

பேசினேன் என்று நினைத்தேன். கத்தியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். படம் எடுத்தார்கள். இரண்டாவது விரல் எலும்பு கெட்டுப்போயிருந்தது. அதை எடுத்தார்கள். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். நாலு விரலும் பாதமும் தங்கின. கால்காரம்மா சொன்னபடியே தினமும் வந்து நின்றார், இரண்டு பஸ் மாறி, வேலை முடிந்த பிறகு. அங்கேயே மாசக்கணக்கில் படுக்க வைக்க வேண்டாம், எங்கள் ஊரிலேயே கட்டு மாற்றிக்கொள்கிறோம் என்று அங்கிருந்த டாக்டர்களிடம் பேசி, என்னை வீட்டுக்கும் கூட்டிவந்துவிட்டார். தடித்த கம்பளித் துண்டில் புண் அளவுக்கு ஓட்டை போட்டு, பாரம் அதன்மேல் விழாதபடி பாதத்தில் ஒட்டிவிடுவார். மூன்று மாதத்தில் புண் மூடியது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"துணிய எங்கன கழட்டுனீக?"

"பாலத்துக்கிட்ட."

"ஏன்?"

"எல்லாரும் பாத்தாக."

அவர் கட்டின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டார். "பாக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. நான்தான் அந்த ஒரு சொல்லை இன்னமும் மென்றுகொண்டிருக்கிறேன். கடைக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டுத் துட்டிக்கு எங்கே போனாலும் அந்தத் தட்டையான கறுப்புச் செருப்போடுதான் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருசம் அவரை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். மேலே யாரிடமோ பேசியது பிடிக்காமல் மாற்றினார்கள் என்றும் சொன்னார்கள், வழக்கமான மாற்றல்தான் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு அவர் வந்த கடைசி நாளன்று காலையில் என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, கையை நீட்டினார்.

"காலைக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னிடமிருந்து அப்படி ஒரு பேச்சை எதிர்பார்க்கவில்லை.

"காலையிலயே கண்ணாடியக் காலுக்குக் கீழ வச்சு உள்ளங்காலப் பாத்துட்டேன். வெரலிடுக்கெல்லாம் பாத்தேன். வெடிப்பு இல்ல, கொப்புளம் இல்ல. தொட்டுப் பாத்தேன், சூடும் இல்ல. நான் சொல்றேன்ல. எந்திரிங்க, காப்பி ஆறுது."

நீட்டிய கை அப்படியே இருந்தது. கண் என் பாதத்துக்குப் போனது. நான் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. இரண்டு தடவை ஏதோ கேட்க வாயெடுத்து விட்டுவிட்டார். அப்புறம் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். காப்பியைக் குடித்தார். நாத்தனாரைப் பற்றி, மழையைப் பற்றி, பஸ் நேரத்தைப் பற்றியெல்லாம் பேசினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து போனேன். பஸ் ஏறும் வரைக்கும் அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது.